சும்மா படம்தானே

அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த மதிய வேளையில் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. அவள் போட்டது போட்டபடி ஓடினாள்.

நாலு வயதுகூட நிரம்பாத அவள் மகள், கூட விளையாடும் பையனைச் சறுக்குமரத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தாள். அதோடு விடவில்லை. விழுந்தவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, முடியைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதியிருந்தாள். உதட்டில் தையல் போட அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"எங்க வீட்டுல யாரும் கை நீட்டுறதே இல்ல. நீங்க என்ன பார்த்துட்டிருந்தீங்க?" என்று ஆயாவிடம் எரிந்து விழுந்தாள்.

ஆயா வாய் திறக்குமுன் குழந்தை முந்திக்கொண்டது. "இப்படி அடிச்சா வாயில சிவப்பு வரும்மா. அப்பா போன்ல வருமே."

ராத்திரி அவள் கடையிலிருந்து திரும்புமுன் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது கணவன்தான். தட்டு காலியாகிறதே என்று அவளும் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டில் கணவன் அசட்டையாகச் சொன்னான். "சண்டைப் படம்தான். அதைப் போட்டாதான் வாயைத் திறக்கிறா. குழந்தைக்கு என்ன புரியப்போகுது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அடிச்சா வலிக்கும்னு அவளுக்குப் புரியல."

"சும்மா படம்தானே. நானும் பார்த்துதான் வளர்ந்தேன். கெட்டா போயிட்டேன்?"

அவள் பல்லைக் கடித்தாள். "சட்டையைப் போட்டுட்டுக் கிளம்புங்க."

பையன் வீட்டில் கதவைத் திறந்தது அவன் அம்மா. பின்னால் நின்றிருந்தவனின் உதடு வீங்கித் தொங்கியது. தன்னைத் தள்ளிவிட்டவளைப் பார்த்ததும் அவன் நின்ற இடத்திலேயே டிரவுசரை நனைத்துவிட்டு அழத் தொடங்கினான்.

கணவன் மகளை முன்னால் தள்ளினான். "சாரி சொல்லு."

"ஏன்ப்பா அழறான்? சண்டைதான் முடிஞ்சுபோச்சே," என்றது குழந்தை.

"அவளை ஏங்க தள்ளுறீங்க? நீங்க சொல்லுங்க," என்றாள் பையனின் அம்மா.

தரையைப் பார்த்தபடி கணவன் ஏதோ முணுமுணுத்தான். கதவு சாத்தப்பட்டது.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியதும், "இனிமே காட்டமாட்டேன்," என்றான் கணவன்.

"காட்டமாட்டீங்க, சரி. உள்ள போனதை எப்படி வெளிய எடுக்கப் போறீங்க?"

அவன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள்.