ஒத்திக் கொடி

நாமக்கல் பக்கத்து மலையில், குண்டூர் நாட்டில், மிளகை ஒத்திக்கு விடும் வழக்கம் உண்டு. கடன் வாங்கியவர் தன் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக் கொடியைக் கடன் கொடுத்தவருக்கு விட்டுவிடுவார். பேசிய வருசங்கள் முடியும்வரை காய்ப்பெல்லாம் அவருக்கு. நிலத்துக்காரர் களை எடுக்கலாம், எரு போடலாம். கொடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் ஒத்தி இன்னொரு வருசம் நீளும். கடைசி வருசத்துச் சிவராத்திரியோடு கெடு முடியும். அன்றைக்குக் கொடியில் மிச்சம் இருப்பது நிலத்துக்காரருக்கு. எழுத்து எதுவும் கிடையாது. மலைச்சாமி அறப்பளீசுவரர் பெயரைச் சொல்லி வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மயிலம்மாளின் கொடிகள் காளியண்ணனிடம் ஒத்தியில் இருந்தன. மகள் இளமதியை நர்சிங் படிக்க வைக்க வாங்கிய கடன். கேட்ட அன்றைக்கே, முகம் கோணாமல் எடுத்துக் கொடுத்த மனிதர் அவர். இளமதி படிப்பை முடித்து ஈரோட்டில் வேலைக்கும் போய்விட்டாள். வருகிற சிவராத்திரியோடு கொடிகள் திரும்பிவிடும்.

தை பிறந்ததிலிருந்தே மயிலம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. களை எடுக்கும் கை பாதியில் நின்றுவிடும். சில்வர் ஓக் மரங்களின் இடுப்புவரை பனி ஏறி நிற்க, அதற்கு மேலே கொடிகள் வானத்திலிருந்து தொங்குவது போலத் தெரியும். அடுத்த தையில் இதே பனிக்குள் ஏணி சாத்தி ஏறுவாள். கதிர் கதிராகக் கிள்ளி மடியில் போடுவாள். வாசல் நிறையப் பாய் விரித்துக் காலால் மிதித்து மணி பிரிப்பாள். பச்சை கறுத்துச் சுருங்கச் சுருங்க வீடெல்லாம் அந்த வாசம் வரும். தலைக்கு மேலே மிளகு காய்த்துத் தொங்கும்போது ரசத்துக்குக் கடையில் பொட்டலம் வாங்கிய வருசங்கள் எங்கோ தொலைந்துபோகும்.

"ஏம்புள்ள, மாப்பிள்ள பாக்க வந்தவளாட்டம் மரத்தையே பாத்துட்டு நிக்கறே?" என்று அவள் கணவன் சின்னையன் சிரிப்பான்.

"பாத்தா ஒத்தி நீளுமாங்க? தொட்டாத்தானே?"

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் சேதி வந்தது. காளியண்ணன் தன் காட்டில் ஏணி சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அவரை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; மனைவி பாப்பாத்தியும் கூடவே போய்விட்டாள். செல்போன் அணைந்து கிடந்தது. எல்லார் காட்டிலும் பறிப்பு நடக்கிற காலம்; அவருக்காகப் பறிக்க ஓர் ஆளும் இல்லை.

மயிலம்மாளின் மரங்களில் மிளகு பழுத்துச் சிவந்தது. குருவிகள் கொத்தின. காற்றடித்தால் மணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"சிவராத்திரிக்கு நாலு நாளுதான் கெடக்குது. பேசாம இரு," என்றான் சின்னையன். "கொடியில நிக்கறதெல்லாம் நம்முளுது. அவரை விழச்சொல்லி நாமளா கேட்டோம்? சாமியாப் பாத்துக் குடுக்குது."

"சாமி குடுக்கறதுன்னா ஒருத்தரு காலை ஒடிச்சா குடுக்கும்?"



அன்று மாலை தெற்கே மேகம் கறுத்தது. பழுத்த மிளகில் மழை விழுந்தால் எல்லாம் மண்ணுக்குத்தான். மயிலம்மாள் வழக்கம்போல அடுத்த தையை நினைத்துக் கண்ணை மூடினாள். பனி வந்தது, பாய் வந்தது, மிளகும் வந்தது. ஆனால் அதை மிதிக்கக் கால் எழவில்லை. அடுத்தவர் படுத்துக் கிடக்க, அவர் மிளகை மிதித்து நிற்பதுபோல் உடம்பு கூசியது. நல்லது நினைக்கிற மனசுக்குக் கனவில்கூடப் பிறர் பொருள் உறுத்தும். அது கடவுள் வைத்த காவல்.

விடிந்ததும் ஏணியை எடுத்தாள்.

"தொட்டா ஒரு வருசம் போயிருமே புள்ள!"

"தெரியுமுங்க. ஏணியைப் புடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தான். அவள் ஏறினாள். "அப்பனே" என்று முதல் கதிரைக் கிள்ளி மடியில் போட்டாள். அந்த ஒரு கதிரோடு ஒரு வருசம் போயிற்று. அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. இருவரும் சேர்ந்து இரண்டு நாளில் கொடியெல்லாம் பறித்து முடித்தார்கள். மழை போக்குக் காட்டிவிட்டு மலையைத் தாண்டிப் போய்விட்டது.

காளியண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்ததும் மூட்டைகளைச் சுமந்துகொண்டு போனார்கள். அவர் மாவுக்கட்டுக் காலோடு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"இது ஆரு பறிச்சது?"

"நாந்தானுங்கண்ணா."

"உன்ற கையிலயா?"

"ஆமாங்க. மழை வந்துருமாட்ட இருந்துச்சு." மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "வழக்கம் வழக்கந்தானுங்க. அடுத்த வருசமும் நீங்களே பறிச்சுக்குங்க."

 சின்னையன் கூரையைப் பார்த்தான்.

காளியண்ணன் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.  பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாப்பாத்தி! சோறு ஆச்சா? கூலியாளுங்களுக்கு எலை போடு."

"கூலியாளா? இங்க ஆரு கூலியாளு?" பாப்பாத்தி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"மயிலம்மாளும் சின்னையனுந்தான். நாந்தான் பறிக்கச் சொல்லிக் கூப்பிட்டேன்."

மயிலம்மாள் திகைத்து நிமிர்ந்தாள். அந்த மலையில் கூலிப் பணத்தைவிடக் கூலிச் சோறு பெரிது. பறிப்புக்கு வந்தவர் ஒரு வீட்டில் உண்டு எழுந்துவிட்டால், அவர் கை அந்த வீட்டின் கை. அவர் பறித்ததெல்லாம் அந்த வீட்டார் பறித்தது. ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

"நீங்க கூப்பிடலீங்களேண்ணா," என்றாள் மெல்ல. இவ்வளவு தூரம் வந்து பொய்யில் முடியக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.

"கூப்பிட்டேன் அம்மிணி. ஆஸ்பத்திரில படுத்துட்டு, 'என்ற மிளகு போகுதே, ஆராச்சும் பறிங்களே'ன்னு கத்துனேன். இவளைக் கேளு, நர்சம்மா வந்து சத்தம் போட்டுட்டுப் போச்சு. ஊருல ஒருத்தனுக்கும் கேக்குல. உனக்குக் கேட்டிருக்குது, வந்திருக்கே. பஞ்சாயத்துல ஊர்க்கவுண்டரு கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். உக்காரு, சாப்புடு. விடிஞ்சாச் சிவராத்திரி, கொடி உன்னுது."

"சோறு ஆறுது, உக்காரு சாமி," என்றாள் பாப்பாத்தி.

சின்னையன் எப்போதோ உட்கார்ந்துவிட்டான். சாமைச் சோற்றில் ஆவி பறந்தது. மேலே மொச்சைக் குழம்பு. மயிலம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். எத்தனையோ வீட்டில் கூலிக்குப் போய் உண்டிருக்கிறாள். இப்படி ஒரு வாய்ச் சோறு உடம்பு முழுக்க இறங்கிப் பரவியதில்லை.

"ரெண்டு நாள் கூலிங்க," என்றான் சின்னையன், இலையை முன்னால் நகர்த்தி. "இன்னொரு கரண்டி போட்டாத்தான் கணக்குத் தீரும்."

பாப்பாத்தி சிரித்துக்கொண்டே போட்டாள். "மயிலு, அடுத்த வருசம் உன்ற காட்டுக்குப் பறிப்பாளு வேணும்னாச் சொல்லு. காலு கூடுனதும் இவரை அனுப்பி வெக்கறேன். ஊட்டுல சும்மாதான் இருப்பாரு."

"சோறு போடுவியா அம்மிணி?" என்று கேட்டார் காளியண்ணன்.

மயிலம்மாள் அந்த அடுத்த வருசத்தைப் பார்த்தாள். பனிக்குள் ஏணி, ஏணியில் காளியண்ணன், கீழே பிடித்துக்கொண்டு அவள்.

"ஏணியில மட்டும் ஏறாதீங்கண்ணா. கீழ உக்காந்து பொறுக்குங்க," என்றாள். "நெல்லுச்சோறே ஆக்கிப் போடறேன்."