கூடத்துக்குக் குடிவந்த குழி

தையல்கார அக்கா விழுந்து காலை ஒடித்துக்கொண்ட மறுநாள் காலை, அவள் வாசலில் கிடந்த குழி, அது மூடப்பட்டுவிட்டதாக நகராட்சியின் முகநூல் பக்கத்தில் எழுதிய எழுத்தரின் வீட்டுக் கூடத்துக்குக் குடிவந்தது. மழைத்தண்ணீரும் ஜல்லியுமாக, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. "ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு எத்தன தடவ தலையால அடிச்சுக்கிட்டேன்?" என்றாள் மனைவி, துடைப்பத்தோடு.

எழுத்தர் கெட்டவர் அல்ல. சுறுசுறுப்பானவர், அதுதான் வினையாயிற்று. சாலைப் புகார் எதுவானாலும் அவரிடம் ஒரே படம்தான்: ஆணையர் வீட்டு முன்னால் மொழுமொழுவென்று தார் பூசிய இடம். அதை ஒட்டி, 'சரிசெய்யப்பட்டது' என்று புகாரை முடித்துவிடுவார். இந்த வேகத்துக்காக அலுவலகத்துக்குக் கேடயம்கூடக் கிடைத்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்த தையல்கார அக்கா தன் வாசல் குழிப் புகாருக்கும் வந்த அந்தப் பதிலைப் பார்த்து, 'நல்லா இருப்ப தம்பி' என்று எழுதி ஓர் இதயமும் போட்டாள். ஊர் திரும்பி வாசலில் இறங்கியபோது தண்ணீர் தெருவைச் சமமாக மூடியிருந்தது. நம்பிக் கால் வைத்தாள். மிஷின் மிதிக்கிற கால்.

எழுத்தர் மண் கொட்டினார், சிமென்ட் கொட்டினார். குழி ஏப்பம்கூட விடவில்லை. பொறியாளர் வந்து எட்டிப் பார்த்து, "வீட்டுக்குள்ள இருக்கறது நம்ம லிமிட்ல வராதுப்பா. நம்ம முகநூல் பக்கத்துல ஒரு புகார் போட்டு வையேன்" என்றார். போட்டார். பதில் எழுத வேண்டியவரும் அவரே என்பதால் விரல் பழக்கத்தில் ஆணையர் வீட்டுப் படத்தைத் தேடிப் போயிற்று. போகிற வழியில் அக்காவின் இதயம் சிவப்பாகக் கிடந்தது. விரல் அதைத் தாண்டவில்லை. அதன் கீழேயே எழுதினார்: 'மூடவில்லை அக்கா. அது வேறு தெருவின் படம். பொய் சொன்னது நான்தான்.'

நகராட்சி முத்திரையோடு வெளியான அந்த வரியை ஊரே பகிர்ந்தது. ஆணையர் அவரைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார். செத்தவர்கள் நன்றி எழுதுவதில்லை என்பதில் எழுத்தருக்கும் ஒரு நிம்மதி.

குழி போகவில்லை. அக்கா ஊன்றுகோலோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இத்துனூண்டா? விழறப்ப கிணறாட்டம் இருந்துச்சே!"

"மன்னிச்சுடுங்கக்கா."

"மொதல்ல கால் கூடட்டும் தம்பி. பாக்கலாம்."

கால் கூடியது, லேசாகச் சாய்ந்து. அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. வருஷங்கள் போய், எழுத்தரின் பேரப்பிள்ளைகள் குழியின் ஓரத்தைப் பிடித்துத்தான் நடை பழகினார்கள். வீட்டுக்குப் புது டைல்ஸ் ஒட்ட வந்தவரிடம் மனைவி, "அத மட்டும் விட்டுட்டு ஒட்டுங்க" என்றாள். அவரும் ஏனென்று கேட்காமல் வளைத்து ஒட்டிவிட்டுப் போனார்.