கூட்டும் வாரத்துப் பலகை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, போர்வையைக் காலுக்கும் சேர்த்து இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலப் பலகை ஒன்று ஒரு முதுகலைப் பட்டத்தையே கவிழ்க்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன். நடந்ததெல்லாம் எங்கள் மாடிப்படியில்தான்.

ஜெர்மனியில், நெக்கர் ஆற்றங்கரையில் நான்கு குடித்தனம் இருந்த வீடு அது. கீழே டொய்ப்லே, ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் ருசுதான் என்ற பெண். ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் வரலாறும் பண்பாடும் படித்துக்கொண்டிருந்தாள். பாடம், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு எல்லாமே ஜெர்மன் மொழியில். அவளோ நூற்றாண்டுப் பழைய அரசாணைகளைப் படித்து ஜெர்மன் கற்றவள். ரொட்டிக் கடையில் இரண்டு பிரெட்செல் கேட்டால் ராஜாவுக்கு மனு எழுதுவது போலிருக்கும். இரண்டாம் மாடியில் நர்ஸ் க்னோடெல். உச்சியில் நான்.

எங்கள் பக்கத்தில் வாரம் ஒரு வீட்டார் படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். சனிக்கிழமை வேலையை முடித்து அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ருசுதானின் ஆய்வே இந்தக் கூட்டும் வாரத்தைப் பற்றித்தான். அக்டோபரில் ஒரு நாள் பலகை அவள் கதவுக்கு வந்தது. அவளுக்குப் பொங்கி வந்த சந்தோஷத்தில், அது தன்னைக் கூட்டச் சொல்கிறது என்பது உறைக்கவே இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு பலகையைக் கழற்றினாள். நீளம் அகலம் அளந்தாள். ‘பொருள் எண் 1’ என்று சீட்டு ஒட்டி வகுப்புக்கு எடுத்துப்போய், துறையின் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள்.

பலகை நகரவில்லை. ஆகவே வாரமும் நகரவில்லை. க்னோடெல் கதவில் பலகை இல்லை. அவள் ஏன் கூட்டுவாள்? பொய் சொல்வானேன், என் கதவிலும் இல்லை, நானும் கூட்டவில்லை. மூன்று வாரத்தில் படியெல்லாம் செஸ்ட்நட் இலை. நடுப்படியில் ஒரு நத்தை குடியேறி, க்னோடெலும் நானும் அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் இர்மேலா சுண்டெல் ருசுதானைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் கையால் எழுதிய மூல ஆவணம் ஒன்றைக் கொண்டுவராவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். தலைப்பு மாறினால் ஒரு வருடம் போச்சு. அழுத கண்ணோடு வந்தவளிடம், டொய்ப்லே அறுபத்தொன்றாம் வருடத்திலிருந்து யார் கூட்டினார்கள், எப்படிக் கூட்டினார்கள் என்று நோட்டு எழுதி வருவதை நான்தான் சொன்னேன். விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

டொய்ப்லே கதவைத் திறந்து, அவள் செருப்பில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தார்.

"நோட்டு இருக்கு அம்மணி. பலகை எங்க?"

"அது பத்திரமா இருக்குங்க ஐயா. பூட்டி வச்சிருக்கு."

"அது பத்திரமா இருக்கு. நம்ம படி இருக்கற லட்சணத்தப் பாத்தீங்களா?"

அப்போதுதான் அவள் திரும்பிப் படியைப் பார்த்தாள். நத்தையையும் பார்த்தாள். முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது.

அலமாரியிலிருந்து பலகையை மீட்க மூன்று கையெழுத்து வாங்கவேண்டி வந்தது. அதைத் தன் கதவில் மாட்டி, சனிக்கிழமை காலை முட்டிபோட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். மூலை அழுக்கைக் கொண்டை ஊசியால் கிளறினாள். நத்தையை ஒரு தட்டில் ஏற்றித் தோட்டத்தில் விட்டாள். டொய்ப்லே வெள்ளைக் கைக்குட்டையைக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஓட்டிப் பார்த்து, வாயைத் திறக்காமல் நோட்டை நீட்டினார். எங்கள் ஊரில் அதுதான் பாராட்டு.

கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் இருந்தது இது: "முதல் மாடி. மூன்று வாரம் கூட்டவில்லை. காரணம்: பல்கலைக்கழகம்."

பேராசிரியர் அதைப் பார்த்தால் என்ன ஆகும்? ஆராய வந்த வழக்கத்தை அவளே நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று டொய்ப்லேயிடம் கெஞ்சினாள்.

"எடுத்தா முழுசா எடுங்க. இல்லன்னா நோட்டக் குடுங்க. சிக்னல்ல பாதி சிவப்புன்னு ஒண்ணு கிடையாது" என்றார் அவர்.

இரண்டு நாள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாள். பிறகு முழுசாக எடுத்து எழுதினாள். அடுத்த கோடையில் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டி நிறுத்தினாராம்.

"யாரு இந்த முதல் மாடி?"

"நான்தாங்க மேடம்."

பேராசிரியர் மேஜையை விரல் முட்டியால் தட்டினாராம். பக்கத்திலிருந்த இருவரும் தட்டினார்களாம். அங்கே கை தட்டமாட்டார்கள், மேஜையைத்தான் தட்டுவார்கள். தேறிவிட்டாள்.

பூங்கொத்தும் கையுமாய்ப் பட்டதாரி வீட்டுக்கு ஓடிவந்தால், கதவில் பலகை. டொய்ப்லே கீழேயிருந்து குரல் கொடுத்தார்:

"பாஸாயிட்டீங்களாமே, சந்தோஷம். இன்னிக்கு சனிக்கிழமை அம்மணி."

பூங்கொத்தை வாளியில் வைத்தாள். அப்புறம் வாளி வேண்டுமே என்று பூங்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டினாள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் படியில் எப்போதும் வருகிறவர் கால் தடம் இருக்கட்டும். அதைத் துடைக்க யார் முறை என்று சண்டை வராதிருக்கட்டும். வந்தாலும் சனிக்கிழமைக்குள் தீரட்டும்.