மெழுகுத் தாள்

கூடையிலிருந்து எடுத்த ரொட்டியின் அடித்தாளை உரித்தபோது ரொட்டியில் பாதி அதோடு வந்துவிட்டது. இன்ஷிராஹ் முகர்ந்து பார்த்தாள். அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை.

அவளுடைய அப்பா ஷவ்கி செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். எகிப்தின் தந்தா நகரத்து அடுமனை ஒன்றில் முப்பது வருஷம் தட்டு அடுக்கியவர். தட்டில் விரிக்க எந்தத் தாள் வந்தாலும் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவார். நகத்தில் வெள்ளையாக ஏறினால் மெழுகுத் தாள். பாலாடைக்கட்டி பொதியத்தான் லாயக்கு, அடுப்புக்குள் போகக் கூடாது என்பார். இன்று வியாழன். அவர் கல்லறையருகே ஏழைகளுக்கு ஷுரைக் ரொட்டி கொடுக்க வேண்டும். தின்றவர்கள் கேட்கும் பிரார்த்தனையைத் தவிர இனி அவருக்குப் போய்ச் சேர வேறென்ன இருக்கிறது?

தாள் வாங்கி வந்தவன் அண்ணன் மம்தூஹ். பாவம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தாள். அண்ணி காலையில் சுட்டு வைத்த இரண்டாவது கூடையைத் திறந்தால், அத்தனையும் ஒட்டாத நல்ல பட்டர் பேப்பரில் சுட்டவை. அது துக்கம் கேட்க வரும் அண்ணனின் மேலதிகாரிகளுக்காம். அதன்மேல் வெள்ளைத் துணி. கல்லறைக் கூடைக்கு நீலம்.

"தெரிஞ்சேதான் வாங்கினியாண்ணே?"

"கல்லறையில கையேந்துறவன் அடியத் திருப்பியா பாக்கப் போறான்? உரிச்சுப் போட்டுட்டுத் திம்பான். பேசாம மூடிக் கட்டு."

அப்பாவின் பாடையைச் சுமந்த தோள் அது. அதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவன் சொன்னபடியே மூடிக் கட்டினாள். துணிகளை மட்டும் மாற்றிக் கட்டினாள்.

கல்லறையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி நின்றபடியே ஒன்றைத் தின்று முடித்து, இறந்தவர் பெயரைக் கேட்டாள். இன்ஷிராஹ் சொன்னாள். "அல்லா ஷவ்கிக்கு ரஹ்மத் செய்யட்டும். வெண்ணெயாட்டம் இருக்குக்கா" என்று குழந்தைக்கும் பிட்டுக் கொடுத்தாள். அப்பா இறந்ததிலிருந்து வராத அழுகை இன்ஷிராஹுக்கு அங்கேதான் வந்தது.

சாயங்காலம் மேலதிகாரிகள் வந்தார்கள். வெள்ளைத் துணியை அண்ணனே விலக்கி உபசரித்தான். மூத்தவர் ஒரு கடி கடித்தார். மென்றார். அப்புறம் மெல்லுவதை நிறுத்திவிட்டு, நாக்கிலிருந்து ஒரு தாள் துணுக்கை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

மம்தூஹ் தன் கையிலிருந்த ரொட்டியைத் திருப்பி, கட்டைவிரலால் அடியை ஒரு கீறு கீறினான். நகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இன்ஷிராஹ் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.