சூடேறினால் அமுங்கும் பெடல்

விடிந்ததும் திருவேங்கடம் வேனுக்கடியில் நுழைந்து, நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் விரலை விட்டுத் தடவினார். செம்மண்தான் ஒட்டியது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை; கசிவு கிடையாது. எழுந்து பானெட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். அளவு சரியாகவே இருந்தது. ஆனால் தேன் நிறத்தில் இருக்கவேண்டியது கடுங்காப்பியாய்க் கறுத்துக் கிடந்தது.

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி நிறுத்தத்தில் மற்ற வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

நேற்று பெங்களூரிலிருந்து பக்தர்களை ஏற்றி வந்தார். மொகிலி சரிவில் இறங்கி, பங்காருபாளையம் வந்தபோது மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியது. பிரேக்கை மிதித்தார். சேற்றில் வைத்த கால்போலப் பெடல் உள்ளே போனது. விட்டு விட்டு மிதித்ததில், டிராக்டருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. உள்ளே இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் அவருக்குத் தெரியும். போன மாதம் முதலாளியின் ஷெட்டில் பிரேக் வேலை பார்த்தபோது, மூடி சரியில்லாமல் வெகுநாள் கிடந்த டப்பாவிலிருந்துதான் ஊற்றினார்கள். அதுவும் டாட்-3 ரகம். வண்டியின் ஆயில் மூடியிலோ, அதிகச் சூடு தாங்கும் டாட்-4 என்று போட்டிருக்கிறது. திறந்து கிடந்த ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். சரிவில் பிரேக் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் அமுங்கும். ஆறிவிட்டால் ஒன்றும் தெரியாது.

முதலாளி கிரண்குமாருக்குப் போன் போட்டார்.

"சீல் பிரிக்காத டாட்-4 வாங்கிக் குடுங்க சார். பழசெல்லாம் வடிச்சிட்டு, நாலு சக்கரத்து பிரேக் குழாயிலயும் காத்து எடுத்துட்டா மத்தியானத்துக்கு வண்டி ரெடி."

"பார்ட்டி காலையில மலைக்குப் போவணும்ண்ணா. நேத்து நின்னுச்சில்ல?"

"நின்னுச்சு. அது தரையில. மலையிலேர்ந்து எறங்கறப்ப எத்தினி வளைவு இருக்குது."

"பர்வாலேது, ரெண்டு வாட்டி சேத்து மிதி. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"இன்னிக்கி நான் எடுக்கமாட்டேன் சார்."

"சரிண்ணா. உன் சாமானை எடுத்துக்க. சாவிய வேணுகிட்ட குடுத்துடு."

திருவேங்கடம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் பார்த்தார். கடைசி சீட்டுக்கடியில் அவர் பாய், தலையணை. ஜன்னல் கொக்கியில் துவைத்த சட்டை. மனைவி தாட்சாயணி இறந்துபோன பிறகு புத்தூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இந்த வண்டியிலேயே படுத்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கும் ஒரு காவல்காரன் செலவு மிச்சம். மகள் ரூபா ஓசூரில் ஒற்றை அறையில் மாமியாரோடு இருக்கிறாள்.

வேணு பைக்கில் வந்தான். முப்பது வயதிருக்கும். லாரி வேலை போய்ச் சும்மா இருந்தவன். சாவியை வாங்கிச் சீட்டில் ஏறி, வண்டியைக் கிளப்பி பிரேக்கை மிதித்தான்.

"கல்லு மாதிரி நிக்குதேண்ணா."

"இப்ப நிக்கும். இன்னும் சூடேறல."

"நீயே மிதிச்சிப் பாரு."

திருவேங்கடம் ஏறி மிதித்தார். கெட்டியாகத்தான் நின்றது. மறுபடி மிதித்தார். நேற்று நடந்தது நிஜம்தானா என்று ஒரு கணம் அவருக்கே தோன்றியது. இறங்கினார்.

லாட்ஜிலிருந்து பார்ட்டி வந்தது. அவர்களைக் கூட்டிவந்த ருக்மணி அம்மாளிடம் போய் நின்றார்.

"அம்மா, பிரேக் ஆயில் கெட்டுப்போயிருக்குது. மாத்தற வரைக்கும் இந்த வண்டியில மலை ஏறாதீங்க. பஸ்ஸு போய்க்கினே இருக்குது."

அந்த அம்மாள் பயந்துபோய் கிரண்குமாருக்குப் பேசினாள். கேட்டுக்கொண்டே திருவேங்கடத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்கள வேலைய விட்டு நிறுத்திட்டாராம். அந்தக் கோவத்துல சொல்றீங்கன்றாரு." குரலில் வெறுப்பில்லை. "புது டிரைவரும் மிதிச்சிப் பாத்துட்டாராமே? எங்களுக்கு தரிசன நேரம் தவறிடும் பெரியவரே."

ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு கிழவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார்.

வேணு பின்கதவைத் திறந்து பாயையும் தலையணையையும் எடுத்துக் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு வண்டி கெடச்சே ரொம்ப நாளாச்சுண்ணா. வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன்."

"எறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வா. பிரேக்குல கால வச்சிக்கினே வராத. அமுங்கினா ஓரங்கட்டி ஆற வுடு. அவங்க கத்துனாலும் ஆற வுடு."

"சரிண்ணா."

பேசிக்கொண்டிருக்கும்போதே தூறல் ஆரம்பித்திருந்தது. வேன் பின்னால் வந்து, திரும்பி, மலைப்பாதைப் பக்கம் போனது. ரூபாவைக் கூப்பிட எண்ணிப் போனை எடுத்தவர், திரும்பச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

சுற்றிலும் தரை நனைந்து கறுத்திருந்தது. வேன் நின்ற இடம் மட்டும் அதன் நீள அகலத்துக்குக் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பாயின் அடி நனையாமல் இருக்க அதன் நடுவில் வைத்து, பக்கத்தில் பையோடு நின்றார்.

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. டோக்கன் கிழிக்கிறவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"பக்ககு ஜருகண்டி. இது வண்டி நிக்கற எடம் பெரியவரே, ஒதுங்கு."

திருவேங்கடம் குனிந்து பாயை அள்ளினார். அதற்குள் காய்ந்த தரையெங்கும் புள்ளி புள்ளியாக நனைந்துவிட்டிருந்தது.