லபோங்கோ காட்டிய கல்லறை

சண்டை ஓய்ந்தது. சனங்களை அடைத்து வைத்திருந்த முகாம்களைக் கலைத்த அரசாங்கம், ஊருக்குத் திரும்புங்கள் என்று சொல்லிவிட்டது. திரும்ப நிலம் இருக்க வேண்டுமே! அச்சிரோ பன்னிரண்டு வருடம் கழித்து வந்து பார்த்தால், அவள் எள் விதைத்த நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரன் லபோங்கோ சோளம் போட்டிருந்தான். ஓரத்து மாமரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு, அதன்மேல் நாலு கல்.

"எங்கப்பன் படுத்திருக்கிற இடம். அப்போ நிலம் யாரோடது?" என்றான்.

வடக்கு உகாண்டாவில் பட்டாவுக்கு எங்கே போவது? அச்சோலி சனங்களுக்குச் செத்தவர்கள் படுத்திருக்கும் இடம்தான் பத்திரம். அதிலும் கள்ளப் பத்திரம் எழுதலாம் என்று கண்டுபிடித்த மூளைக்கு மாலைதான் போட வேண்டும்.

குலத்துப் பெரியவர் ஒயெட் மூன்றாவது தடவையாக அந்த மாமரத்தடியில் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"உன் பக்கத்துல ஒரு கல்லறையாவது உண்டாம்மா?"

"என் வீட்டுக்காரர் முகாம்ல செத்தார், ஐயா. அங்கேயேதான் புதைச்சோம். வெளிய காலை வெச்சா சுட்டுடுவாங்கன்னு இருந்த காலம்."

"பார்த்தீங்களா? செத்தவனைக் காட்ட முடியாதவளுக்கு நிலம் எதுக்கு?" என்று லபோங்கோ சிரித்தான்.

அச்சிரோ அழுவதற்கு வரவில்லை. ஓர் ஆட்டையும் மண்வெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"தோண்டுங்க. ஒரே ஒரு எலும்பு கிடைச்சாலும் நிலம் இவனுக்கே. நான் வந்த வழியே போயிடறேன்."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. கல்லறையைக் கிளறினால் ஆவி சும்மா விடாது. ஆடு வெட்டிப் பரிகாரம் செய்தாலும் பயம் பயம்தான்.

"பைத்தியமா உனக்கு? எங்கப்பன் ஆவி உன் வம்சத்தையே பிடிக்கும்!" லபோங்கோ கத்தினான்.

"என்னைத்தானே பிடிக்கும்? உனக்கு ஏன் வேர்க்குது?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒயெட் ஆட்டைப் பார்த்தார், லபோங்கோவைப் பார்த்தார், தோண்டலாம் என்று தலையை ஆட்டினார்.

ஆட்டை வெட்டிவிட்டுத் தோண்டினார்கள். முழங்கால் ஆழம்வரை மண் பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழே இறுகிய செம்மண். அதில் குறுக்காக மாமரத்து வேர் ஒன்று, கை பருமனில், வெட்டுப்படாமல் ஓடியது. அங்கே எவனும் எப்போதும் பிணம் புதைக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? லபோங்கோ மெல்ல நழுவப் பார்த்தான்.

"நில்லுடா! சோளத்தை அறுத்துக்கிட்டு விலகிடு. நிலம் அச்சிரோவோடது," என்றார் ஒயெட். "குழியை மூடுங்கப்பா."

"மூடாதீங்க, ஐயா."

அச்சிரோ மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கி, வேரை விட்டு ஓரடி தள்ளி வெட்ட ஆரம்பித்தாள்.

"அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் எதுக்கும்மா?"

"நாளைக்கு முகாமுக்குப் போய் அவரைக் கொண்டுவரப் போறேன்," என்றாள் நிமிராமல். "நல்ல உயரமான மனுஷன். இந்த நீளம் அவருக்குப் பத்தாது."