ஆமணக்கு நுரை

"ஏண்டி, உன் முதுகைக் கொஞ்சம் கடன் கொடுக்கிறியா?" என்று சித்தி கேட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபின் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

சித்தியின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நேராக உட்கார முடியாதவர்களின் சக்கர நாற்காலிக்கு முதுகுச் சாய்வு செய்வது அவள் தொழில். ஆளை உட்காரவைத்து, முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகுவாள். இரண்டு திரவங்களைக் கலக்கி அதற்குள் ஊற்றுவாள். கலவை நுரைத்துப் பொங்கி, அந்த முதுகின் வளைவுக்கு ஏற்றபடி கட்டையாக இறுகிவிடும். அதுவரை வாங்கிய திரவம் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, பொங்கும்போது அனலடிக்கும். இப்போது ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்ததை வாங்கியிருந்தாள். சூடு குறைவு என்று விற்றவர் சொன்னாராம்.

அதை நம்பாதவர், எங்கள் தெருவுக்கே துணி தைத்துக் கொடுத்துவந்த தையல் அக்கா. முதுகெலும்பு வளைந்தபின், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டால்தான் அவரால் விழாமல் உட்கார முடியும். ஒற்றைக் கையால் என்னத்தைத் தைப்பது? மெஷின் மூடியே கிடந்தது. போன முறை நுரை சுட்டதில் துள்ளிவிட்டார். அச்சும் கெட்டது, முதுகும் கொப்பளித்தது.

"விளக்கெண்ணெயை நம்பி முதுகைக் காட்டச் சொல்றீங்களா? முதல்ல வேற யாராவது உட்காரட்டும். நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்றார் சித்தியிடம்.

அதனால்தான் என் முதுகு. அவருடைய கணவர் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டோம்.

"மூச்சாவது விடுதா இது?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் தையல் அக்கா.

"அசையாம இருக்கறதுல இவளை அடிச்சுக்க ஆளே இல்லை" என்றாள் சித்தி. வகுப்பில் மரக்கட்டை என்று திட்டு வாங்கித் தந்த அதே குணம்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்த பைக்குள் சித்தி ஒரு குவளை ஊற்றினாள். பழைய கலவை ஊற்றிய கையோடு பொங்கும். இது சோம்பலாகக் கிடந்தது. சித்தியின் கைக்குப் பழைய பழக்கம். "போதலை போல" என்று இன்னொரு குவளை கலந்து ஊற்றினாள். அப்போதுதான் முதல் குவளை விழித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து பொங்கி, பையின் வாயைத் தாண்டி, என் பின்னலைக் கவ்விக்கொண்டன.

"ஐயையோ, எழுந்திருடி!"

"எங்க எழுந்திருக்கிறது? இனிமே நாற்காலியோடதான் கட்டிக்கொடுக்கணும்" என்றார் தையல் அக்கா.

சித்தி பிளேடை எடுத்தாள்.

"அதைக் கீழே வைங்க. தலையைச் சீவிடப் போறீங்க!" தையல் அக்கா ஒரு கையால் நாற்காலியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தன் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் பின்னலை நறுக்கினார். பிறகு என் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுட்டுச்சா?"

"இல்லக்கா. வெயில்ல காய்ஞ்ச துணியைப் போர்த்தின மாதிரி இருந்துச்சு."

நான் இவ்வளவு பேசியதில் சித்தியே திரும்பிப் பார்த்தாள்.

"சரி, நாளைக்கு வர்றேன். இவ என் எதிர்ல இருக்கணும். நீங்க ரெண்டாவது குவளையைத் தொட்டீங்கன்னா இதே கத்தரிக்கோல்தான்" என்றார் தையல் அக்கா சித்தியிடம்.

மறுநாள் சித்தி ஒரே குவளையோடு நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து தையல் அக்காவின் தோள்களை நிமிர்த்திப் பிடித்தாள். நான் எதிரே உட்கார்ந்து கைகளைத் தாங்கினேன். நுரை ஏற ஏற என் விரல்களை நெரித்தார். எதுவும் சுடவில்லை என்று தெரிந்ததும் பிடி மெல்லத் தளர்ந்தது.

சித்தி அச்சைச் சீவி, துணி தைத்து, நாற்காலியில் பொருத்திய அன்று தையல் அக்கா வந்து உட்கார்ந்தார். பிடித்திருந்த கையை விரல் விரலாக விடுவித்தார். விழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது: என் முதுகைக் கேட்ட சித்திக்கும், அதை நம்பிய இவருக்கும். ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்து பிடித்தேன்.

தையல் அக்கா என் குட்டைப் பின்னலை ஒருமுறை தடவினார். இரண்டு கைகளாலும் சக்கரங்களை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். கணவர் வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் போனார்.